கராஜில் ஒரு பலாக்கொட்டை

“இந்த வயசிலே உனக்கு எதுக்கும்மா ஆசாரி வேலை? அங்கே ஆள் கிடையாதா?” என்று என் மாமியார் போனில் கேட்டார்கள்.

ஆள் இல்லாமல் என்ன! ஆனால் அமெரிக்காவில் ஓர் ஆசாரியை ஒரு நாள் கூப்பிட்டால், அந்தக் கூலியில் எங்கள் வீட்டுக்குப் பாதி மாதத்து மளிகை வாங்கிவிடலாம். அதைத்தான் அத்தையிடம் சொன்னேன். இன்னொரு காரணம் இருந்தது. அதைச் சொல்லவில்லை. அவர்கள் பிள்ளைக்கு இருதய ஆபரேஷன் ஆகி நாலு வாரம்தான் ஆகியிருந்தது. எழுபத்தெட்டு வயதில், அவ்வளவு தூரத்தில் தனியாக உட்கார்ந்துகொண்டு கவலைப்படுவார்களே என்று நாங்கள் மறைத்துவிட்டோம். செப்டம்பரில் சொன்னபோது இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவர்கள் கோபம் நியாயம்தான்.

நாங்கள் இருப்பது மிச்சிகன் மாநிலத்தில். வீட்டுக்குப் பின்னால் தனியாக ஒரு கராஜ். 2021-ஆம் வருஷம் இலையுதிர் காலத்தில் என் கணவர் அதில் ஒரு டிரெய்லர் கட்ட ஆரம்பித்தார். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சின்ன மரக் கூண்டு. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், உட்காரலாம், நிற்க முடியாது. பின்பக்கத்து மூடியைத் தூக்கினால் அடுப்படி. பக்கவாட்டில் பார்த்தால் முன்னால் உருண்டு, பின்னால் சரிந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் போல இருக்கும். அதனால் இங்கே இதற்கு டியர்டிராப் என்று பெயர். கண்ணீர்த்துளி!

“நல்ல நாளும் பொழுதுமா வெளியே போற வண்டிக்கு இதுவா பேரு?” என்று எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. எனக்கு அதன் வடிவம் பலாக்கொட்டையாகத்தான் தெரிந்தது. வீட்டில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லையாம். 1930-களிலேயே இந்த ஊரில் இப்படி வீட்டில் கட்டிக்கொண்டார்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து சிப்பாய்கள் வீடு திரும்பியபோது, யுத்தத் தேவைக்காகச் செய்த அலுமினியத் தகடு மிச்சமாகி மலிவாகக் கிடைத்தது. கைவேலைப் பத்திரிகைகள் வரைபடம் போட்டன. ஒட்டுப் பலகையும் தகடும் வாங்கி அவரவர் வீட்டில் அடித்துக்கொண்டார்கள். 1960-களில் பெரிய பெரிய வண்டிகள் வந்து இதை ஓரங்கட்டின. பிறகு 1990-களுக்கு மேல் மறுபடி ஆசை வந்துவிட்டது. பழைய கண்டாங்கிப் புடவை திரும்பி வந்த மாதிரி.

அவர் இரும்புச் சட்டம் வாங்கி மாட்டினார். எட்டடி நீளம், நாலடி அகலம். பிளைவுட் பலகை நம் ஊரிலும் இங்கேயும் எட்டுக்கு நாலுதான் என்பதால் அளவும் அப்படியே. தரை போட்டார். முக்கால் அங்குலப் பலகையில் இரண்டு பக்கச் சுவரையும் வளைவாக அறுத்து நிறுத்தினார். டிசம்பரில் பனி கொட்டியதும் வேலை நின்றது. பிப்ரவரியில் ஒரு நாள் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று இடத்தில் அடைப்பு. பைபாஸ்.

ஆபரேஷனைப் பற்றி இங்கே நீட்டப் போவதில்லை. வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். நெஞ்செலும்பு கூடும்வரை 12 வாரம், 10 பவுண்டுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்றார்கள். அதாவது நாலரைக் கிலோ. இருமும்போது நெஞ்சோடு அணைத்துக்கொள்ள ஒரு சின்னத் தலையணை கொடுத்தார்கள். மனிதர் அந்தத் தலையணையும் தாமுமாகச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். படுத்தால் பயம். படுக்கையில் தூங்கினால் எழுந்திருக்க மாட்டோமோ என்று நாற்காலியிலேயே தூங்கினார். நடக்கச் சொன்னால் “அப்புறம்” என்பார். உப்புக் குறைத்த குழம்பைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கு இப்படி மனசு சோர்ந்துபோகும், அசட்டையாக விடாதீர்கள் என்று நர்ஸ் அம்மாளும் சொன்னார்.

ஒரு நாள் கராஜில் எதையோ எடுக்கப் போனேன். இரண்டு பக்கச் சுவரும் கூரையில்லாமல் நின்றன. உள்ளே வந்து, “ஏங்க, அந்தச் சுவருக்கு மேலே என்ன வரும்?” என்று கேட்டேன்.

“ரீப்பர் வரும். அதுக்கு மேலே பலகை வளைச்சுப் போடணும். இனிமே யார் போடுறது? வித்துடலாம்.”

“நீங்க சொல்லுங்க, நான் போடுறேன்.”

அன்றைக்குத்தான், வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். கேலிச் சிரிப்புதான். இருக்கட்டும்.

நான் பள்ளிப்படிப்போடு நின்றவள். தையல் தெரியும். டிரில்லைத் தொட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகன் சாயங்காலங்களில் கூட இருந்தான். கராஜுக்கு நடுவில் அவருக்கு ஒரு நாற்காலி, கம்பளி, மின்சார ஹீட்டர். விதி ஒன்றுதான்: எதையும் தொடக் கூடாது, வாயால் மட்டும் வேலை. வீட்டுக் கதவிலிருந்து கராஜ் நாற்பது அடி. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை “இதை எப்படிப் போடுறது?” என்று போய்க் கூப்பிடுவேன். முனகிக்கொண்டே எழுந்து வருவார். சிலது எனக்குத் தெரிந்தேதான் கேட்டேன். அவருக்கு இது இன்றுவரை தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

ரீப்பர் அடித்தது சுலபம். சுவருக்குச் சுவர் குறுக்கே சட்டம்; வளைவு அதிகமாக இருக்கும் முன்பக்கத்தில் நெருக்கமாக, மேலே கொஞ்சம் தள்ளித் தள்ளி. மரக் கோந்துதான் படுத்தியது. குளிர் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் கோந்து பிடிக்காமல் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிடுகிறது. முதலில் ஒட்டிய இரண்டு சட்டம் கையோடு வந்துவிட்டன. அதற்குப் பிறகு கோந்து டப்பாவைச் சமையலறையில் வைத்து, ஹீட்டர் போட்டு மரம் சூடான பிறகே ஒட்டினோம்.

அடுத்தது கூரைப் பலகை. மூன்று மில்லிமீட்டர்ப் பலகை, அட்டை மாதிரி இருக்கிறதே, வளையாமலா போகும் என்று நினைத்தேன். முழுப் பலகையை நீளவாக்கில் மேலே போட்டு, முன்வளைவில் நானும் மகனும் அழுத்தினோம். கொஞ்சம் வளைந்தது. இன்னும் கொஞ்சம். படாரென்று துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம். பலகை நடுவில் முறிந்து, சிம்பு என் கன்னத்தை உரசிக்கொண்டு போயிற்று. நல்லவேளை, கண்ணாடி போட்டிருந்தேன்.

உள்ளேயிருந்து அவர் தலையணையை நெஞ்சில் அணைத்துக்கொண்டு ஓடி வந்தார். ஓடவே கூடாத மனிதர்! வந்த வேகத்தில், “யார் உங்களைத் தொடச் சொன்னா? ஒண்ணு பாக்கி இல்லாம நாசம் பண்ணியாச்சு!” என்று கத்தினார். மகன் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது. கன்னத்தில் ரத்தத்தோடு உட்கார்ந்து அழுதேன். பலகைக்காகவா அழுதேன்? அந்த இரண்டு மாதத்துக்கும் சேர்த்துத்தான். ஆபரேஷன் தியேட்டர் வாசலில்கூட நான் அழவில்லை. அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் தம் சட்டை நுனியால் என் கன்னத்தைத் துடைத்துவிட்டு, “தப்பு என்னுது. எந்தப் பக்கம் வளையும்னு நான் சொல்லலை” என்றார்.

அன்று ராத்திரி சமையல் மேஜையில் முறிந்த துண்டை வைத்து விளக்கினார். மெல்லிய பிளைவுட்டில் மூன்று படலம். மேலும் கீழும் உள்ள இரண்டில் மரத்தின் நார் ஒரு திசையில் ஓடும், நடுப்படலத்தில் குறுக்கே ஓடும். வெளி நார் நீளவாக்கில் இருக்கும்போது அதை மடக்கப் பார்த்தால் முறியும். அந்த நார் வளைவுக்குக் குறுக்கே, வண்டியின் அகலவாக்கில், படுத்திருந்தால் பாய் சுருட்டுவதுபோல வளையும்.

“இதை முன்னாடியே சொல்லக்கூடாதா? துணியிலே நேர்த்துண்டுக்கும் கிராஸ் பீஸுக்கும் உள்ள வித்தியாசம்தானே?” என்றேன். ஜாக்கெட் கழுத்துக்கு நேர்த்துண்டில் பட்டி வைத்தால் சுருக்கம் விழும், கிராஸ் பீஸில் வைத்தால் கழுத்தோடு படிந்து போகும். தைக்கத் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். அவருக்கு இது புதுசு. கிராஸ் பீஸ் வெட்டிக் காட்டச் சொல்லி, பழைய தலையணை உறையில் வெட்டிக் காட்டினேன்.

அதற்குப் பிறகு பலகையை நாலுக்கு நாலாக அறுத்து, நார் அகலவாக்கில் வரும்படி திருப்பிப் போட்டோம். கொதிநீரில் துண்டுகளை நனைத்துப் பிழிந்து வளைவு வர வேண்டிய இடத்தில் போர்த்தினேன். வண்டியில் சாமான் கட்டும் பட்டையை மேலே சுற்றி, கால் மணிக்கு ஒரு தடவை ஒரு பல் மட்டும் இறுக்கினோம். அவசரம் கூடாது. ராத்திரி முழுவதும் அப்படியே விட்டோம். காலையில் போய்ப் பார்த்தால் பலகை சாதுவாகப் படிந்து கிடந்தது. நன்றாகக் காய்ந்த பிறகு கோந்து தடவி ஸ்க்ரூ போட்டோம். ஈரத்தோடு கோந்து போட்டால் நிற்காது.

உள்கூரை முடிந்த அன்று நடுவில் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். எனக்கு எங்கள் தாத்தாவின் கூண்டு வண்டி ஞாபகம் வந்துவிட்டது. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் கிராமம். மூங்கிலைப் பிளந்து வளைத்துக் கட்டி, மேலே பாய் போட்ட கூண்டு. உள்ளே வைக்கோல் பரப்பி ஜமுக்காளம் விரித்திருப்பார்கள். திருச்செந்தூருக்குப் போகும்போது பேரப்பிள்ளைகள் நாங்கள் ஐந்து பேர் அதில் மத்தி மீன் மாதிரி நெருக்கிக்கொண்டு படுப்போம். மாட்டுக் கழுத்து மணிச் சத்தத்தில் தூக்கம் வரும். தாத்தாவின் வண்டிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை, மாடு இல்லை என்பதைத் தவிர.

ரீப்பர்களுக்கு இடையில் குளிர் காக்கும் நுரைப் பலகை, விளக்குக்கு ஒயர், மேலே இன்னொரு பலகை, அதற்கும் மேலே ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு. மே மாதம் டாக்டர் அனுமதி கொடுத்ததும் அவரும் கையில் டிரில் எடுத்துவிட்டார். நான் எஜமானி, அவர் எடுபிடி. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருதய நோயாளிகளுக்கான உடற்பயிற்சி. மற்ற நாள் கராஜ். குழம்பில் உப்பு இல்லை என்று சண்டையும் ஆரம்பித்துவிட்டது. எனக்கு நிம்மதி.

பின்மூடிதான் எங்களைக் கடைசிவரை அழவைத்தது. வளைந்த விலாச் சட்டங்கள் வைத்து அதன்மேல் பலகையை வளைத்து ஒட்ட வேண்டும். பட்டையை அவிழ்த்ததும் பலகை தன் பழைய குணத்துக்குக் கொஞ்சம் திரும்பி நிமிர்ந்துவிடும். ஒரு வாரம் கட்டியே வைத்திருந்தும், மாட்டிப் பார்த்தால் கீழே ஓரங்குல இடைவெளி. திரும்பச் செய்யத் தெம்பு இல்லை. தடித்த ரப்பர்ப் பட்டி ஒட்டி, இழுத்துப் பூட்டும் கொக்கி இரண்டு வைத்துச் சமாளித்தோம். செய்யப்போகிறவர்கள் விலாச் சட்டத்தை வேண்டியதைவிடச் சற்று அதிகமாகவே வளைத்து அறுத்துக்கொள்ளுங்கள்.

அடுப்படி மேடையை அவர் 36 அங்குல உயரத்துக்கு வரைந்து வைத்திருந்தார். நான் நாலடி பதினோரு அங்குலம். அளவு எடுத்தவர் சமைக்கப் போவதில்லையே! நாலு அங்குலம் குறைக்கச் சொன்னேன். அஞ்சறைப் பெட்டிக்கு ஒரு குழி, தோசைக்கல்லுக்கு ஒரு செங்குத்துப் பிளவு, இருபது லிட்டர் தண்ணீர்க் கேனுக்கு இடம். எல்லாம் வைத்து நிரப்பிய பிறகு அவர் குளியலறை எடை மெஷினைக் கொண்டுவந்து வண்டியின் முன்மூக்குக்கு அடியில் வைத்தார். மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து பங்கு சதவீதம் மூக்கில் இறங்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ரோட்டில் வேகமாகப் போகும்போது வண்டி பாம்பு மாதிரி வாலை ஆட்டும், காரையும் இழுத்துத் தள்ளிவிடும். எங்கள் வண்டி சுமார் 1,000 பவுண்டு. மெஷின் 60 காட்டியது. அடுப்படியை நான் அடைத்த அடைப்பு அப்படி! அரிசி, பருப்பு, தண்ணீர், பாட்டரி எல்லாவற்றையும் முன்பக்கத்துக்கு மாற்றிய பிறகு 115 வந்தது.

எங்கள் அனுபவத்தில் சகோதரிகளுக்கு இரண்டு எச்சரிக்கை சொல்லிவிடுகிறேன். பலகை அறுக்கும்போதும் உப்புத்தாள் தேய்க்கும்போதும் முகமூடி இல்லாமல் நிற்காதீர்கள். குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். வார்னிஷ் அடித்த பிறகு கதவைத் திறந்துபோட்டு நெடி முழுக்கப் போன பிறகே படுக்க வேண்டும். இரண்டாவது, குளிருகிறது, மழை பெய்கிறது என்று அடுப்பையோ கரி நெருப்பையோ படுக்கிற கூண்டுக்குள் கொண்டுபோகவே கூடாது. அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். கூரையில் காற்றுப்போக்கிக்கு ஒரு விசிறியும் அவசியம். மூடி வைத்தால் இரண்டு பேர் விடும் மூச்சே காலையில் சுவரில் தண்ணீராக வழியும்.

செலவு 4,000 டாலரைக் கொஞ்சம் தாண்டிவிட்டது. அந்தச் சமயத்தில் மர விலை தலைக்கு மேல். வீட்டில் கட்டிய வண்டி என்று பதிவு செய்து எண் தகடு வாங்கினோம். அதற்காக ரசீதுகளையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தது நான்தான்.

ஆகஸ்டில் லடிங்டன் ஸ்டேட் பார்க்குக்குப் போனோம். ஒரு பக்கம் மிச்சிகன் ஏரி, கடல் மாதிரி அலையடிக்கும். மறுபக்கம் ஹேம்லின் ஏரி. பக்கத்தில் கூடாரம் போட்டிருந்தவர்கள் எல்லாம் வந்து வந்து பார்த்தார்கள். ஒரு பெரியவர் என் கணவரிடம், “நீங்களா செய்தீர்கள்?” என்று கேட்டார். “பாதி. வளைவெல்லாம் அவங்க செய்தது” என்று என்னைக் காட்டினார். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் காதில் விழாத மாதிரி இருந்துகொண்டேன்.

கூடார மைதானத்திலிருந்து இரண்டு மைல் மணலில் நடந்தால் பிக் சேபிள் பாயின்ட் கலங்கரை விளக்கம். 1867-இல் கட்டியது, 112 அடி உயரம், கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டிருக்கும். இரண்டாம் நாள் அங்கே போய்வருவோம் என்று அவரே சொன்னார். மாத்திரை, தண்ணீர், தொப்பி எல்லாம் எடுத்துக்கொண்டோம். மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து போனோம். மகன் படி ஏறி உச்சிக்குப் போய்க் கையை ஆட்டினான். நாங்கள் கீழேயே நின்று அண்ணாந்து பார்த்தோம்.

அன்று ராத்திரி மழை. மகன் தன் சின்னக் கூடாரத்தில் இருந்தான். நாங்கள் கூண்டுக்குள். தலைக்கு இரண்டடி மேலே தகரத்தில் கடுகு பொரிகிற மாதிரி சத்தம். அவர் நேராக மல்லாந்து படுத்திருந்தார். நாலடி அகலத்தில் வேறு எப்படியும் படுக்க முடியாது. நான் டார்ச் அடித்து மூலை மூலையாகத் தடவிப் பார்த்தேன். முன்வளைவு காய்ந்திருந்தது. கூரை காய்ந்திருந்தது. அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தால், மூடியின் இடது மூலையில், அந்த ஓரங்குல இடைவெளி இருந்த இடத்தில், ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. தோசைக்கல்லை அதற்கு நேராக வைத்தேன். டொக் என்று விழுந்தது.

“ஒழுகுதா?” என்று கேட்டார்.

“ஒரே ஒரு இடத்திலே.”

“காலையிலே பார்த்துக்கலாம், படு” என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பினார். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. பிப்ரவரிக்குப் பிறகு அந்தக் குறட்டையை அன்றைக்குத்தான் கேட்டேன்.

காலையில் ரப்பர்ப் பட்டியைப் பிய்த்துவிட்டுப் புதுசாக ஒட்டினேன். இப்போது ஒழுகுவதில்லை.